நாலரை அலை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குள் வரைபடக் கருவியின் பேனா இருபத்தேழு முறை துள்ளிவிட்டது. ஒவ்வொரு துள்ளலுக்குப் பக்கத்திலும் சூடாமணி பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். இருபத்தெட்டாவது முறை துள்ளியபோது பென்சிலை மேஜைமேல் எறிந்தாள்.

“மறுபடியுமா மேடம்?” என்று கேட்டார் நெடுஞ்செழியன்.

“மறுபடியும்தான்.”

அது 1997 மார்ச். அடையாறில் ஓர் ஆய்வு நிலையத்தின் தரைத்தளத்தில் இருந்தது அந்த லேப். சூடாமணிக்கு நாற்பத்துமூன்று வயது; இயற்பியல் விஞ்ஞானி. நெடுஞ்செழியன் அவளுடைய டெக்னீஷியன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பதினொரு வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர். எந்த வால்வை எவ்வளவு திருகினால் போதும் என்பது அந்தக் கட்டடத்தில் அவர் கைக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் அவரைச் செழியன் என்று கூப்பிட்டார்கள்.

அவர்களுக்கு முன்னால் ஆளுயரத் தெர்மாஸ் குடுவை ஒன்று நின்றது. அதற்குள் திரவ ஹீலியம். ஹீலியத்துக்குள், நீண்ட குழாயின் நுனியில், அரிசிமணி அளவுக்கு ஒரு சிப். சூடாமணியின் கல்லூரிச் சிநேகிதி வெளிநாட்டில் தன் லேபில் செய்து கொடுத்தது. இரண்டு கொடுத்திருந்தாள். முதலாவது போன ஆகஸ்டில் குளிர்விக்கும்போதே விரிசல் விட்டுப் போயிற்று. இது இரண்டாவது. சிநேகிதி அந்த வேலையை விட்டு டெலிபோன் கம்பெனிக்குப் போய்விட்டதால் மூன்றாவது கிடையாது.

சிப்பில் எலக்ட்ரான்கள் ஓடுவதற்கு இரண்டு பாதைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவே மின்சாரத்தால் எழுப்பிய ஒரு தடுப்புச் சுவர். சுவரை ஓரிடத்தில் கொஞ்சம் தாழ்த்தினால், மேல் பாதையில் ஓடி வரும் எலக்ட்ரான் கீழ்ப் பாதைக்கும் பரவும். ஒரே சமயத்தில் இரண்டிலும் இருக்கும். மேல் பாதை ஒன்று என்றும் கீழ்ப் பாதை பூஜ்யம் என்றும் வைத்துக்கொண்டால், ஒன்றும் பூஜ்யமும் கலந்த நிலையில் ஓடிக்கொண்டே அது கணக்குப் போடும். தன் நோட்டில் சூடாமணி அதற்குப் ‘பறக்கும் க்யூபிட்’ என்று பெயர் எழுதி வைத்திருந்தாள்; குவாண்டம் கம்ப்யூட்டரின் அடிப்படை அலகுக்குத்தான் க்யூபிட் என்று பெயர்.

அது உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான். சுவரை மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டே போக வேண்டும். மேல் பாதையின் முடிவில் மின்னோட்டம் ஏறும்போது கீழ்ப் பாதையில் இறங்க வேண்டும். பிறகு இது இறங்க, அது ஏற வேண்டும். நகரும் காகிதத்தில் இரண்டு பேனாக்களும் எதிரெதிராக அலை வரைய வேண்டும். அந்த அலைக்காக மூன்று வருஷம் போயிருந்தது. இந்த முறை வந்ததெல்லாம் துள்ளல்தான்.

ஹீலியம் வெளியூரிலிருந்து லாரியில் வரும். வருஷத்துக்கு இரண்டு முறைதான் ஒதுக்கீடு. திங்கட்கிழமை ஊற்றியது வெள்ளிக்கிழமைக்குள் ஆவியாகிப் போய்விடும். திங்கள் முழுவதும் அவர்கள் துள்ளலின் காரணத்தைத் தேடினார்கள். லிஃப்டை நிறுத்தச் சொன்னார்கள். மாடியில் இருந்தவர்கள் கத்தினார்கள். ஃபேன், டியூப் லைட், ஏ.சி., பக்கத்து அறை கம்ப்ரஸர் என்று ஒவ்வொன்றாக அணைத்தார்கள். வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். பேனா துள்ளிக்கொண்டே இருந்தது.

பதினோரு மணிக்கு மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர், கூடவே இயக்குநர். அவர்களில் கிண்டியில் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“மத்தவங்கள்லாம் அணுவைப் பிடிச்சு ஒரு இடத்துல நிறுத்தி வெக்கிறாங்கன்னு படிச்சேன். நீங்க ஓட விடறீங்க. ஓடற எலக்ட்ரானை வெச்சுக்கிட்டுப் பெரிய கம்ப்யூட்டர் எப்படிக் கட்டறது?”

“ஓடறதுனாலதான் சார் பெரிசாக் கட்ட முடியும்” என்றாள் சூடாமணி. “கபாலீஸ்வரர் கோவிலுக்கு ஆயிரம் பேர் வராங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சன்னிதியா கட்டறோம்? சன்னிதி அது பாட்டுக்கு இருக்கும். வரிசை நகரும். நிறுத்தி வெச்ச க்யூபிட் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் கம்பி இழுக்கணும். இங்க கம்பியெல்லாம் ஒரே இடத்துல இருக்கும். எலக்ட்ரான்கள் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து அதே வாசலைக் கடந்து போகும்.”

“வரிசை நகர்றதைக் காட்டுங்க.”

காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. காகிதத்தில் நாற்பது துள்ளல்கள் இருந்தன. அவர் குனிந்து பார்த்தார். அப்போது பேனா துள்ளியது. அதே நேரத்தில் அவருடைய இடுப்பில் இருந்த பேஜர் கீச்சென்றது. அவர் அதை எடுத்துப் பார்த்து அணைத்துவிட்டு, “நல்லது, அடுத்த லேபுக்குப் போகலாம்” என்றார்.

“சார், ஒரு நிமிஷம்” என்று வழியை மறித்துக்கொண்டு நின்றார் செழியன். இயக்குநரின் முகம் சுருங்கியது. “உங்க பேஜர் நம்பர் இன்னா சார்?”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். செழியன் மூலையில் இருந்த டெலிபோனுக்குப் போய் பேஜர் கம்பெனி ஆபரேட்டரை அழைத்தார். “மெசேஜ் எழுதிக்கம்மா. வணக்கம். அவ்ளோதான். வணக்கம்.” வைத்துவிட்டுக் காத்திருந்தார். பேனா துள்ளியது. பேஜர் கீச்சென்றது. மறுபடி அழைத்தார். “அதே வணக்கம்தாம்மா. இன்னொரு வாட்டி அனுப்பு.” பேனா துள்ளியது. ஐந்து வணக்கங்கள் அனுப்பினார். ஐந்து முறையும் துள்ளியது.

“எதுத்தாப்புல அபார்ட்மெண்ட் மாடியில போன மாசம் ஒரு கம்பம் நட்டாங்க மேடம்” என்றார் செழியன். “டி.வி. ஆண்டெனான்னு நெனச்சுக்கினு இருந்தேன். ஊருல எவனுக்கு மெசேஜ் போனாலும் நம்ம கேபிள்ல பூந்துக்கினு வருது.”

புதன்கிழமை காலை சூடாமணி தன் கைனடிக் ஹோண்டாவில் தி.நகர் போனாள். பனகல் பார்க் பக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்தப் பேஜர் கம்பெனி. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே வரிசையாகப் பெண்கள் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து வணக்கங்களையும் வரச் சொல்லுங்களையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். மேனேஜர் வஜீஹா என்று ஓர் இளம்பெண். காபி வரவழைத்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ஒரே ஒரு கம்பத்தைத்தான் சொல்றேன்” என்றாள் சூடாமணி. “ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம். மூணு நாள்.”

“மேடம், அடையாறு ஏரியாவுல எங்க கிட்ட டாக்டர்ங்க மட்டும் இருநூத்து முப்பது பேர். அந்த ரெண்டு மணி நேரத்துல ஒரு பிரசவ கேஸ் வந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?”

“எனக்கு வெள்ளிக்கிழமையோட ஹீலியம் தீர்ந்துடும். திரும்பக் கிடைக்க ஆறு மாசம் ஆகும்.”

“புரியுது மேடம். ஆனா முடியாது.” அவள் அதை மரியாதையாகத்தான் சொன்னாள். “உங்க மெஷினை நீங்க மூடி வெச்சுக்க முடியாதா? எங்க பேஜரே லிஃப்டுக்குள்ள போனா வேலை செய்யாது.”

சூடாமணிக்கு அவள்மேல் கோபம் வந்தது. படியிறங்கும்போதுதான், கோபம் அவள் மறுத்ததனால் இல்லை, அவள் சொன்னது சரியாக இருந்ததனால் என்று புரிந்தது. கேபிள்களைத் தனித்தனியாக மூடியிருந்தார்கள். மொத்தமாக மூட நினைக்கவில்லை. கீழே ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து லேபுக்குப் பேசினாள்.

“செழியன், ஒரு கூண்டு கட்டணும். செப்பு வலையில. மொத்தமும் உள்ள வர மாதிரி.”

“ரிச்சி தெருவுல பீர் முஹம்மது பாய் கடையில வலை கெடைக்கும் மேடம். நீங்க வந்துடுங்க, நான் போய் வாங்கியாறேன்.”

அவர் ஒரு ஆட்டோ நிறைய வலைச்சுருள் கொண்டுவந்தார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரும்புச் சட்டங்களை எடுத்து முடுக்கினார்கள். வலையின் ஓரங்களை ஓரடிக்கு ஓரடி ஈயம் வைத்து ஒட்ட வேண்டியிருந்தது. செழியன் தரையில் குப்புறப் படுத்து அடிப்பகுதியை ஒட்டினார். கையெல்லாம் வலைக்கம்பி கிழித்த கோடுகள். கதவுக்கு மட்டும் ஒரு யோசனை தேவைப்பட்டது. சாத்தினாலும் இடுக்கு இருந்தது. செழியன் செப்புத் தகட்டைச் சீப்பு மாதிரி வெட்டி, வளைத்து, கதவு விளிம்பில் வரிசையாகப் பதித்தார். சாத்தும்போது அது சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குக் கூண்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்கள். சூடாமணி பேனாவைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். பேனா நேர்கோடு போட்டுக்கொண்டே போனது. செழியன் வெளியே போய் ஒரு வணக்கம் அனுப்பிவிட்டு வந்து நின்றார். நேர்கோடு.

அவள் சுவரைத் தாழ்த்த ஆரம்பித்தாள். பன்னிரண்டே கால் மணிக்கு, மேல் பாதையின் பேனா நகர்ந்து ஏறியது. கீழ்ப் பேனா இறங்கியது. அவள் மூச்சு விடாமல் குமிழைத் திருகினாள். மேல் பேனா உச்சிக்குப் போய்த் திரும்பியது. கீழ்ப் பேனா அடியிலிருந்து எழுந்தது. ஒரு முழு அலை. அடுத்தது கொஞ்சம் உயரம் குறைந்து வந்தது. மூன்றாவது. ஒன்றரை மணிக்கு நான்காவது முடிந்தது. செழியன், “வருது மேடம், வருது, வருது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு போதாது என்பது அவளுக்குத் தெரியும். பத்தாவது வேண்டும். பிறகு குடுவையைக் கொஞ்சம் சூடாக்கி அலை மறைகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பக் குளிர்வித்துத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுதாக மிச்சமிருந்தது. குடுவையின் வெளிச்சுற்றைக் குளிர்விக்கும் நைட்ரஜன் கேனை நிரப்பச் செழியன் பின்கட்டுக்குப் போனார். அவள் பேனாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அலைகளுக்கு இடையிலான தூரங்களை நோட்டில் கணக்குப் போட ஆரம்பித்தாள். தான் முன்பே எழுதி வைத்திருந்த கணக்கோடு அவை பொருந்தின. அந்தச் சந்தோஷத்தில் அவள் தலையைத் தூக்கவே இல்லை.

கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பியபோது மணி இரண்டு பத்து. சிப்பிலிருந்து வரும் கேபிள்கள் சேரும் இணைப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் செழியன் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கை பெட்டியின் மேல் இருந்தது. இரண்டு பேனாக்களும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தன.

அவள் குமிழைத் திருகிப் பார்த்தாள். பேனா அசையவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தாள். இரண்டு பாதைகளும் அறுந்திருந்தன. தொடுகிறவர் உடம்பிலிருந்து தாவும் ஒரு சின்ன மின்பொறி போதும், அந்தச் சிப் எரிந்துவிடும்.

“கைய வெச்சியா?”

“இல்ல மேடம். இப்பத்தான் உள்ள வந்தேன். கேபிள் லூஸா கீதான்னு பாத்தேன். நான் வரும்போதே பேனா கீழ கெடந்துது.”

“கையில எர்த் வளையம் மாட்டாம இந்தப் பெட்டிகிட்ட வராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உனக்கு இது ஒரு டப்பா. எனக்கு மூணு வருஷம். உன்னை நம்பி இதை விட்டேன் பாரு!”

அவள் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது. இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மாடியிலிருந்து கோட்பாட்டுப் பிரிவுப் பேராசிரியர் வேம்பு இறங்கி வந்தார். செழியன் ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். பிறகு லேப் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஹீலியம் யாருக்கும் உபயோகமில்லாமல் ஆவியாகிப் போயிற்று. அன்று மதியம் சூடாமணி இயக்குநருக்கு ஒரு பக்க அறிக்கை எழுதினாள். ‘டெக்னீஷியனின் கவனக்குறைவால்’ என்ற வார்த்தைகள் அதில் இருந்தன. திங்கட்கிழமை செழியன் பெயருக்கு மெமோ போனது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மயிலாப்பூர் வீட்டில், சாப்பாட்டு மேஜையில் அந்தக் காகிதச்சுருளை விரித்து வைத்துக்கொண்டு, பிரதி எடுக்க வேண்டிய பகுதியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன் கிச்சா, தட்டு வைக்க இடமில்லாமல், கையில் ரசப் பாத்திரத்தோடு நின்றான்.

“ஆத்துக்கு வந்தும் இதையே பாத்துண்டு இருந்தா எப்படி? கொஞ்சம் நகர்த்தேன்.”

“ஒரு நிமிஷம் இருங்கோ.”

“இங்க ஏதோ எழுதியிருக்கே. உன் கையெழுத்தோன்னோ இது?” அவன் சும்மாதான் கேட்டான்.

காகிதம் நிமிஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும். அதனால் எந்த இடம் எந்த நேரம் என்று அளந்து சொல்லிவிடலாம். ஐந்தாவது அலை பாதி ஏறியிருந்த இடத்தில், ஓரமாக, அவளுடைய அவசரக் கையெழுத்தில் ‘2.03, ரேஞ்ச் மாற்றம்’ என்று இருந்தது. சுவரின் மின்னழுத்தத்தைக் காட்டும் மூன்றாவது பேனா அந்த இடத்தில் ஊசி மாதிரி ஒரு கோடு இழுத்திருந்தது. அதற்கு மறு மில்லிமீட்டரிலேயே இரண்டு அலைகளும் நின்றிருந்தன. அங்கிருந்து ஏழு சென்டிமீட்டர் வெறும் பூஜ்யம். அதற்குப் பிறகுதான் செழியன் உள்ளே வந்தார்.

ஐந்தாவது அலை ஏறும்போது, இன்னும் தாழ்த்த இடம் வேண்டுமென்று, மின்னழுத்தத்தின் வரம்பை மாற்றும் ரேஞ்ச் சுவிட்சை அவள்தான் திருப்பினாள். திருப்புவதற்கு முன் மின்னழுத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரவில்லை; தாவிய மின்னழுத்தம் சிப்பை எரித்துவிட்டது. திருப்பிவிட்டு, எழுதியும் வைத்துவிட்டு, நோட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

“என்ன ஆச்சு?” என்றான் கிச்சா.

“ஒண்ணுமில்லை. ரசத்தை வையுங்கோ” என்று காகிதத்தைச் சுருட்டினாள்.

புதன்கிழமை முழுவதும் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவளிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. மெமோ வெறும் காகிதம். செழியனுக்குச் சம்பளம் பிடிக்கப் போவதில்லை. மதிப்பீட்டுக் குழுவின் முடிவு அடுத்த வாரம். மதியம் கேண்டீனில் வேம்புவிடம் மட்டும் சொன்னாள். பதினைந்து வருஷச் சிநேகிதர். வேறு யாரிடமும் போகாது.

வேம்பு இட்லியைச் சாம்பாரில் நனைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். “விடு, சூடா. மெமோ ஃபைல்ல கிடக்கும், அப்புறம் யாரும் பார்க்க மாட்டா. ஆனா நீயே போய் என் கையாலதான் போச்சுன்னு சொன்னா, அடுத்த வருஷம் உனக்கு டைரக்டர் ஒரு சொட்டு ஹீலியம் தர மாட்டார். நாலு அலையாவது வந்திருக்கு. அதைப் பாரு.”

“நாலரை.”

“சரி, நாலரை.”

“அந்த அரை அலை எங்க நின்னதுன்னு பேப்பர்ல போட்டுத்தான் ஆகணும், வேம்பு. ஏன் நின்னதுன்னு கேட்பா. நான் என்ன எழுதறது?”

வேம்பு அடுத்த இட்லியைப் பிட்டார். என்ன எழுத வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்; அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வியாழக்கிழமை பெரிய மனசோடு ஒன்றும் அவள் இயக்குநரின் அறைக்குப் போகவில்லை. எரிச்சலோடுதான் போனாள், தன்மேலும், சுவிட்சின்மேலும், அந்தக் கம்பத்தின்மேலும் எரிச்சல்.

இயக்குநர் காகிதச்சுருளை இரண்டு நிமிஷம் பார்த்தார். “அப்புறம் ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீங்க?”

“பார்த்ததைத்தான் எழுதறேன்னு நினைச்சேன் சார். பார்க்காததை எழுதியிருக்கேன்.”

மெமோ ரத்தாயிற்று. அடுத்த வருஷ ஹீலியம் பக்கத்து லேபின் மீக்கடத்தி ஆராய்ச்சிக்குப் போயிற்று. “சிப்பும் கிடையாது, இல்லையா? ஹீலியம் வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?” என்று இயக்குநர் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் பட்டினப்பாக்கம் போனாள். நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் மீன் கூறுகள் விற்று முடிந்துகொண்டிருந்தன. ஹவுசிங் போர்டு கட்டடத்தில் மூன்றாவது மாடி. செழியனின் மனைவி வேலம்மா கதவைத் திறந்தாள். யாரென்று தெரிந்தும் உள்ளே வரச் சொல்லவில்லை.

“இன்னா விசயம்?”

“செழியன் இருக்காரா?”

“கீறாரு. இன்னாத்துக்கு? இன்னும் இன்னா ஒடஞ்சுபோச்சு?” வேலம்மா குரலை உயர்த்தவில்லை. “மெமோ வந்ததுலேருந்து அந்த மனுசன் மூணு நாளா சோத்துல கைய வெக்கல. நான் தொடல, நான் தொடலன்னு சொல்லிக்கினே கீறாரு. கையப் பாத்தியாம்மா? வல கிழிச்ச காயம் இன்னும் ஆறல.”

உள்ளேயிருந்து செழியன் வந்தார். “வழி விடு வேலு. உள்ள வாங்க மேடம்.”

சூடாமணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சுவிட்சைத் தான்தான் திருப்பியது, 2.03, கையெழுத்து, மெமோ ரத்தானது எல்லாவற்றையும் சொன்னாள். “மன்னிச்சுக்கோங்க செழியன். தப்பு என்னோடது. உங்க மேல போட்டுட்டேன்.”

செழியன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிப்பு போனது பரவாயில்ல மேடம். எனக்கும் வயிறு எரிஞ்சுது. நாலு பேரு எதுக்க என்னைச் சொன்னீங்க, அதுகூட கோவத்துல வந்துச்சுன்னு வெச்சுக்கலாம். ஆனா பதினோரு வருசம் ‘நீங்க, வாங்க’ன்னு பேசினவங்க, அன்னிக்கு ஒரு நிமிசத்துல ‘நீ’ன்னுட்டீங்க. அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, உள்ளார எப்பவும் அதான் இருந்துருக்குதுன்னு.”

அவள் மறுக்க வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கே அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியாமலில்லை.

“நான் ஒர்க்‌ஷாப்புக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன்” என்றார் செழியன்.

“குடுத்துட்டீங்களா?”

“குடுத்தாச்சு. வாபஸ் வாங்கப்போறதில்ல.”

வேலம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து சூடாமணியிடம் நீட்டினாள். அவள் வாங்கிக் குடித்தாள்.

“அந்த நாலரை அலையை எழுதி அனுப்பப் போறேன்” என்றாள். “பெரிய பத்திரிகையில எடுத்துக்க மாட்டாங்க. ஒரே சிப்பு, ஒரே நாள். இருந்தாலும் அனுப்பணும். உங்க பேரும் போடணும்னு நினைக்கிறேன். கடைசியில நன்றின்னு ஒரு வரியில இல்ல. மேல, என் பேருக்குப் பக்கத்துல.”

“நான் இன்னா பண்ணேன்னு எழுதுவீங்க?”

“எங்கேயிருந்து தொந்தரவு வருதுன்னு கண்டுபிடிச்சது நீங்க. கூண்டுக் கதவு உங்க யோசனை. அது ரெண்டும் இல்லாம ஒரு அலைகூட வந்திருக்காது.”

“அப்ப எழுதுங்க” என்றார் செழியன். சிரிக்கவில்லை. “எழுதிட்டுக் காட்டுங்க. கதவு விசயத்தை நான் படிச்சுப் பாக்கணும். நீங்க அதுல தப்பா எழுதுவீங்க.”

அவள் தப்பாகத்தான் எழுதியிருந்தாள். செப்புச் சீப்பின் இடைவெளியைக் கால் அங்குலம் என்று போட்டிருந்தாள்; செழியன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து அரைக்கால் அங்குலம் என்று திருத்திவிட்டுப் போனார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று ஐந்து மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பியது. ‘சுவாரசியமானது, ஆனால் நான்கு அலைகளை வைத்து எதையும் சொல்ல முடியாது’ என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். இரண்டாமவர், எலக்ட்ரான்களை ஓடவிட்டுக் கணினி செய்யலாம் என்பதே வீண் ஆசை என்று எழுதியிருந்தார். சூடாமணி அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தாள். முதலாமவர் சொன்னது சரி. இரண்டாமவர் சொன்னது சரியா தவறா என்று சொல்ல அவளுக்கு இன்னொரு சிப் வேண்டும். ஆறு லேப்களுக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். இரண்டிலும் முடியாது என்றுதான் இருந்தது.

கடைசியில் உள்நாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் அதைப் படித்தாள். பன்னிரண்டு நிமிஷம். கடைசி வரிசையில் ஒருவர், “இதை ஆயிரம் க்யூபிட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?” என்று கேட்டார். “ஒண்ணையே இன்னும் முழுசாப் பார்க்கலை. முடியுமான்னு தெரியாது. முடியாதுன்னு காட்டறதும் இதுல எதுவும் இல்லை” என்றாள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. டீ இடைவேளை வந்துவிட்டது.

கருத்தரங்குத் தொகுப்பு 1998 நவம்பரில் தபாலில் வந்தது. செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். நானூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில், அலைகளின் படத்தோடு, இரண்டு பக்கங்கள் அவர்களுடையவை. சூடாமணி அதை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். செழியன் லேத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். இரண்டாவது பெயரை விரலால் எழுத்தெழுத்தாகத் தடவினார்.

“மேடம், இது என் பேரு இல்ல.”

அவள் பார்த்தாள். ஆங்கில அச்சில் எழுத்துகள் மாறிப்போய், நெடுஞ்செழியன் ‘நெதுன்செலியன்’ ஆகியிருந்தது. அவளுக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

“ப்ரூஃப்ல சரியாத்தான் இருந்தது, செழியன். நான் பார்த்தேன்.”

“இருக்கலாம். இதுல தப்பாக் கீது. வூட்ல இன்னான்னு காட்டறது? திருத்தச் சொல்லி எழுதுங்க.”

“எழுதறேன். நாளைக்குக் காலையில...”

“இப்பவே எழுதுங்க மேடம். நானும் கூட வரேன்.”

இரண்டு பேரும் லேபுக்கு நடந்தார்கள். கூண்டுக்குள் இப்போது பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சூடாமணி மேஜையில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, டைப்ரைட்டரில் லெட்டர்ஹெட் தாளைச் செருகினாள். பதிப்பாசிரியருக்கு வணக்கம், பக்கம் 418, இரண்டாவது ஆசிரியரின் பெயர் தவறாக அச்சாகியிருக்கிறது என்று அடித்தாள். செழியன் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட, தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.